கிரியேற்றினின் 1.3: ‘அளவுக்குள்’ இருந்தால் போதுமா?

குருதிப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலான ஆண்கள் முதலில் தேடுவது சீனியையும் கொழுப்பையும்தான். அதே அறிக்கையில் உள்ள ‘சீரம் கிரியேற்றினின்’ என்ற வரியைப் பலர் கவனிப்பதில்லை. உடையார்கட்டு போன்ற குளத்துநீர்க் கிராமங்களில் வெயிலில் நின்று வயல் செய்பவர்கள் அந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே, நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ காரணமாகாத ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் அது பதிவாகியுள்ளது. பாதிக்கப்பட்டோரில் ஆண் விவசாயிகளே அதிகம். தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. சிறுநீரில் புரதம்கூடப் பலருக்குப் பெரிதாக வெளியேறாது. எனவே சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது.

கிரியேற்றினின் என்பது தசைகளில் உருவாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் அது குருதியில் தேங்கும். ஆண்களுக்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 வரை, அதாவது ஒரு டெசிலீற்றரில் இத்தனை மில்லிகிராம், வழமையான அளவு என ஆய்வுகூடங்கள் குறிப்பிடுகின்றன. அறிக்கையில் 80, 110 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது மைக்ரோமோல் அலகு. 88.4ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு வரும்.

ஆனால் ‘அளவுக்குள்’ என்ற சொல் ஏமாற்றலாம். 45 வயது ஆண் ஒருவருக்குக் கடந்த ஆண்டு 0.9, இந்த ஆண்டு 1.3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அளவுக்குள்தான். ஆனால் வயதையும் சேர்த்துக் கணிக்கும் ஈ.ஜி.எவ்.ஆர். என்ற வடிகட்டல் வீதம் ஏறத்தாழ 107இலிருந்து 69ஆக இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. இந்த வீதம் 60இற்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய்.

அதற்காக ஒரேயொரு அறிக்கையைப் பார்த்துக் கலங்கவும் தேவையில்லை. உடலில் நீர் வற்றியிருந்தாலும், முதல்நாள் இறைச்சி அதிகம் சாப்பிட்டிருந்தாலும், தசைப்பிடிப்பான உடல்வாகு இருந்தாலும் கிரியேற்றினின் சற்றுக் கூடலாம். வைத்தியர் மீண்டும் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

ஈமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்களுக்கு அது 13 கிராமுக்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை. செங்குருதிக் கலங்களை உருவாக்கத் தூண்டும் ஓமோனைச் சுரப்பது சிறுநீரகமே என்பதால், நீடிக்கும் சோகை சில வேளைகளில் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளமாகவும் இருக்கும்.

பழைய அறிக்கைகளை எறியாமல் ஒரே கோப்பில் வைத்திருங்கள். கிளினிக் போகும்போது கொண்டுபோய், ஈ.ஜி.எவ்.ஆர். எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். வயல் வேலைக்கிடையே போதிய தண்ணீர் குடியுங்கள். நாரிப்பிடிப்புக்கு டைக்குளோபெனாக், இபுபுறோபன் போன்ற வலிமாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் தொடர்ந்து விழுங்காதீர்கள்; அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. இழந்த திறனைப் பெரும்பாலும் மீட்க முடியாது. நேரத்தோடு கண்டுகொண்டால் மிச்சமிருப்பதை நெடுங்காலம் காக்கலாம்.