தேநீர் குடியுங்கள், நேரமறிந்து குடியுங்கள்!

பெரட்டுக்குப் போகுமுன் ஒரு மங்கு தேத்தண்ணீர் உள்ளே போனால்தான் நம்மவர்களுக்குக் கையும் காலும் ஓடும். தேநீர் கெட்ட பானம் அன்று. களைப்பைப் போக்கித் தெம்பு தரும். ஆனால் முறையறியாமல் குடித்தால், கொடுப்பதைவிட எடுப்பது அதிகமாகிவிடும்.

தாய்மார்களே, முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்புச் சத்து குறைந்தால் இரத்தச் சோகை வரும். முகம் வெளிறும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதை வேலைக் களைப்பு என்று எண்ணி, மேலும் ஒரு மங்கு தேநீர் குடிப்பவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையோடு எலுமிச்சை, கொய்யா, பப்பாளி இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். அந்த மாத்திரை தாய்க்கு மட்டுமல்ல, வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

கைக்குழந்தையின் புட்டியில் தேநீர் ஊற்றாதீர்கள். டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அது குழந்தைக்கேற்ற பாலே அன்று. பள்ளிப் பிள்ளைகளும் தேத்தண்ணீரில் ரொட்டியைத் தொட்டுக் கொண்டு மட்டும் வந்தால், பத்து மணிக்குள் சோர்ந்து போகிறார்கள். ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ சேர்த்துப் பசியாற வையுங்கள்.

அடுத்தது இனிப்பு. டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே நான்கைந்து தேக்கரண்டிச் சீனி போட்டதற்குச் சமம். ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 6 தேக்கரண்டிக்குள் அடங்கினால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. காலை, பத்து மணி, மாலை என்று மூன்று மங்கு குடிப்பவரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இனிப்பு நீர் உள்ளவர் என்று 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் விட்டுவிடுங்கள். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் அது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-இல் எச்சரித்தது. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில்தான். நன்றாக ஆற்றி, ஐந்து நிமிடம் பொறுத்துக் குடியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் காசு செலவில்லை. கொஞ்சம் பொறுமையும், ஒரு கரண்டிச் சீனி மிச்சமும்தான். நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாமே!