மரபுக் கைவினைகளுக்கான கூட்டு எண்ணிம ஆவணகம்

மரபுக் கைவினைகளுக்கான கூட்டு எண்ணிம ஆவணகம் என்பது, ஒரு வட்டாரத்தில் வழிவழியாகச் செய்யப்பட்டுவரும் கைத்தொழில்களின் செய்முறை, கருவிகள், மூலப்பொருள்கள், தொழிற்சொற்கள், தொழில் செய்வோரின் வாய்மொழி ஆகியவற்றைப் பலர் கூடித் திரட்டி, கணினி வழியே தேடிப் பார்க்கும்படி ஒழுங்குபடுத்தி வைக்கும் தொகுப்பாகும். கைவினைஞர்கள், ஊர்மக்கள், ஆசிரியர்கள், ஒளிப்படம் எடுப்போர், கணினி அறிந்த தன்னார்வலர்கள் ஆகியோர் இதில் பங்களிப்பர். அருங்காட்சியகத்தில் செய்துமுடித்த பொருள் காக்கப்படுகிறது. இவ்வகை ஆவணகத்தில் காக்க வேண்டியது அப்பொருளைச் செய்யும் அறிவு. அது பெரும்பாலும் எழுதிவைக்கப்படாதது. தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைப்பழக்கமாகவே வருவது. ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த இழை அறுந்துவிடும்.

முன்னோடிகள்

இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, மாநிலந்தோறும் கைவினைத் தொழில்கள் ஆய்வு செய்யப்பட்டுத் தனித்தனி அறிக்கைகளாக அச்சிடப்பட்டன. இன்றும் பயன்படும் நல்ல முயற்சி அது. ஆயினும் அவ்வறிக்கைகளில் கேள்வி கேட்டவரும் எழுதியவரும் அலுவலர்களே. கைவினைஞர் பதில் சொன்னவர் மட்டுமே. அச்சான பிறகு ஒரு பிழையைக் கண்டாலும் அவர் திருத்த வழியில்லை.

கூட்டு உழைப்பால் எண்ணிம ஆவணகத்தைக் கட்ட முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காப்பதற்காக 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்ததை நினைத்தால், பல இடங்களில் படிகளை வைத்திருக்கும் இத்தகைய முறையின் அருமை விளங்கும். ஆனால் நூலை மின்வருடி வைப்பதும் ஒரு தொழிலைப் பதிவு செய்வதும் ஒன்றல்ல. நூலில் உள்ள செய்தி தாளின் மேலேயே இருக்கிறது. தொழிலில் உள்ள செய்தியை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சுவாமிமலை: ஓர் எடுத்துக்காட்டு

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பு முறையில் உலோகப் படிமங்களைச் செய்கின்றனர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தை முதலில் வடிப்பர். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துவர். பிறகு மணல் கலந்த மண்ணால் மேலும் சில பூச்சுகள் இட்டுக் கனமாக்குவர். பெரிய உருவங்களுக்கு இரும்புக் கம்பியால் கட்டு உண்டு. இந்த மண்கருவைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்து எடுத்து, உளியால் நகாசு வேலை செய்வர். கரு உடைபடுவதால் அதே கருவில் இரண்டாவது படிமம் வார்க்க இயலாது.

இவ்வளவும் எந்தச் சுற்றுலா நூலிலும் கிடைக்கும். ஆவணகத்துக்கு வேண்டியது இதற்கு அடுத்த படி. மெழுகுக் கலவை பதமாகிவிட்டது என்பதை ஸ்தபதி எதைக் கொண்டு அறிகிறார்? மண்பூச்சு உலர்ந்ததை எப்படிச் சோதிக்கிறார்? உலோகத்தை ஊற்றும் வேளை வந்துவிட்டது என்பதை எந்த நிறம் சொல்கிறது? மெழுகு உருவை நிறுத்து, அந்த எடையிலிருந்தே தேவைப்படும் உலோகத்தைக் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கில் பட்டறைக்குப் பட்டறை என்ன மாற்றம்? இவற்றை அருகில் இருந்து, மீண்டும் மீண்டும் கேட்டுத்தான் பதிய முடியும்.

அளவைப் பற்றிய ஒரு செய்தி இதை இன்னும் தெளிவாக்கும். உருவத்தின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து உறுப்புகளின் அளவுகளைக் குறிப்பர். இதற்கு ஒடியோலை என்று பெயர். சிற்ப நூல்களின்படி உத்தம தசதாலத்தில் அமையும் படிமத்தின் உயரம் 124 அங்குலம். தேவியருக்கு உரிய மத்திம தசதாலத்தில் 120 அங்குலம். விவரம் அறியாத தன்னார்வலர் ஒருவர் இதைக் கேட்டு, "உயரம்: 124 அங்குலம்" என்று பதிவுப் படிவத்தில் நிரப்பினால், படிப்பவர் பத்தடிக்கும் மேற்பட்ட சிலை என்றே எண்ணுவார். இங்கே அங்குலம் என்பது அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. அந்த உருவத்தின் உயரத்திலேயே 124இல் ஒரு பங்கு. 31 செ.மீ. உயரமுள்ள படிமத்தில் அந்த அங்குலம் இரண்டரை மில்லிமீட்டர்தான். படம் தெளிவாக இருக்கலாம், ஒலிப்பதிவு துல்லியமாக இருக்கலாம். கேட்டு எழுதியவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பதிவு முழுவதும் பிழையாகிவிடும். பதிவைக் கைவினைஞரே படித்துப் பார்த்து, அல்லது பிறர் படிக்கக் கேட்டு, ஒப்புதல் தந்த பின்னரே வெளியிட வேண்டும் என்பது இதனால்தான்.

தொழிற்சொற்கள்

ஒரே பொருள் ஊருக்கு ஊர் வேறு பெயர் பெறும். தானியம் புடைக்கும் கருவி பல இடங்களில் முறம். நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் சுளகு. யாழ்ப்பாணத்துப் பனையோலை வேலையில் கடகம், குட்டான், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி என ஒவ்வொரு பயனுக்கும் ஒரு பெயர் உண்டு. இவற்றை எல்லாம் "ஓலைக்கூடை" என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிடுவது பட்டியல் போடுபவருக்கு எளிது. ஆனால் ஆவணகத்தில் அச்சொற்கள் தொலைந்துபோகும்.

நல்ல முறை, வட்டாரச் சொல்லையே தலைப்பாக வைத்து, மற்றப் பெயர்களை அதனுடன் இணைப்பது. முறம் என்று தேடுபவருக்குச் சுளகும் கிடைக்க வேண்டும். எந்த ஊரில், எந்த வயதினர் அச்சொல்லை வழங்கினர் என்ற குறிப்பும், அவர்கள் குரலிலேயே ஓர் ஒலிப்பதிவும் இருந்தால் மொழி ஆய்வாளருக்கும் அது பயன்படும்.

வாய்மொழி சான்றாகுமா?

விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியங்கள் அச்சில் வெளியான சான்றுகளையே பெரிதும் நாடுகின்றன. கைவினைகளைப் பொறுத்தவரை அத்தகைய சான்று பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தச் சிக்கலை எதிர்கொள்ள 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிப் பதிவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஒரு சோதனை முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி, செப்பெடி மொழிகள் அதில் இடம்பெற்றன. கைவினை ஆவணகம் இந்த நிலையிலிருந்தே தொடங்குகிறது. இங்கே முதற்சான்று தொழில் செய்பவரின் சொல். இரண்டு குடும்பங்கள் ஒரே வேலையை இரு விதமாகச் சொன்னால் எது சரி என்று தொகுப்பாளர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. இரண்டையும் சொன்னவர் பெயரோடும் நாளோடும் வைப்பதே முறை.

யாருக்கு உரியது?

இதுவே இத்தகைய திட்டங்களில் மிகக் கடினமான கேள்வி. தன்னார்வலர்கள் பொதுவாக எல்லாவற்றையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட விரும்புவர். விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்படும் படங்களை வணிகத்துக்கும் பயன்படுத்த அனுமதி இருந்தாக வேண்டும். படைப்பாக்கப் பொதும உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டதைப் பின்னர் திரும்பப் பெறவும் இயலாது. நெசவாளர் ஒருவரின் அரிய கோலத்தைப் படமெடுத்து இப்படி ஏற்றினால், நாளை அதே கோலம் விசைத்தறியில் மலிவாக வந்து அவர் பிழைப்பையே கெடுக்கக்கூடும். இதை முன்கூட்டியே விளக்காமல் ஒப்புதல் வாங்குவது நேர்மையன்று.

புவிசார் குறியீடு இதற்கு முழு விடை ஆகாது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் ஊர்ப்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. செய்முறை வெளியே பரவுவதை அது தடுப்பதில்லை. மறுபுறம், எதையும் எழுதி வைக்காமலே இருப்பதும் ஆபத்து. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டபோது, அது பழைய அறிவுதான் என்று காட்ட இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கு எழுத்துச் சான்றுகளே உதவின. 1997இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது.

இரண்டுக்கும் இடையே ஒரு வழியை ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்கள் காட்டினர். அவர்களுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட முக்குர்ட்டு என்னும் மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வரையறுக்கிறது. சில பதிவுகள் எல்லோருக்கும், சில குடும்பத்தாருக்கு மட்டும் திறக்கும். சுவாமிமலைப் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கைப் படம்பிடிக்கலாமா, பிடித்தால் யாருக்குக் காட்டலாம் என்பது போன்ற கேள்விகளுக்கும் இம்முறை பொருந்தும்.

பதிவு செய்யும்போது

ஒளிப்படத்தில் முகத்தைவிடக் கைகள் முக்கியம். வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னிருந்து எடுத்தால், அவர் காணும் கோணத்திலேயே வேலை தெரியும். எதிரே நின்று எடுத்தால் இடம் வலமாகி, கற்பவருக்குக் குழப்பம் வரும். கருவிகளைத் தனியே, அளவுகோலை அருகில் வைத்து எடுக்க வேண்டும். பட்டறையில் ஓசை மிகுதியாதலால், வேலை நடக்கும்போது படமும், ஓய்ந்தபின் அதே படத்தைக் காட்டிப் பேட்டியும் எடுப்பது நல்லது. தாம் செய்ததைத் தாமே பார்க்கும்போது, முன்பு சொல்ல மறந்தவற்றையும் அவர்கள் சொல்வார்கள்.

வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்படும். எடுத்த நாளும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடும். ஆகவே மூலக்கோப்பையே பெற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. நான்காவது படி ஒன்றும் உண்டு. அது கைவினைஞர் வீட்டுக்கு உரியது: படங்கள் அச்சிட்டும், காணொளி அவர்கள் கைப்பேசியில் ஓடக்கூடிய வடிவிலும் தரப்பட வேண்டும். பதிவுக்காக அவர் இழக்கும் வேலைநாளின் கூலியையும் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.