சாவி யார் கையில்? – ஜப்பானில் பித்தும் வீடும்

பித்து பற்றிப் பேச்செடுத்தாலே நம்ம சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஃபூக்கோ வந்து உட்கார்ந்துகொள்வார். பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ், பெரும் அடைப்பு, பகுத்தறிவு தன் மற்றமையைச் சுவருக்குப் பின்னால் தள்ளிய கதை. எல்லாம் சரிதான். ஆனால் அந்த வரைபடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜப்பான் மேல் விரித்தால் ஒட்டாது. அங்கே நவீன அரசு முதலில் செய்தது மனநோய் விடுதிகளைக் கட்டியது அல்ல. வீட்டுக்குள்ளேயே கூண்டு கட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. கூண்டுச் செலவு வீட்டுக்காரன் தலையில். பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கப் போலீஸ்காரர் வருவார். காவலாளி வேலைக்கு அப்பன், அண்ணன், புருஷன்.

1900இல் வந்த மனநோயாளர் காவல் சட்டம் இதைத்தான் சொன்னது. சட்டத்துக்குப் பின்னால் ஒரு பிரபுக் குடும்பத்துச் சண்டை உண்டு. சோமா என்கிற பழைய ஜமீனின் பிரபுவைக் குடும்பத்தாரே பைத்தியம் என்று சொல்லி அடைத்துவைத்திருக்கிறார்கள், சொத்துக்காகத்தான் இந்த நாடகம் என்று அவருடைய பழைய ஊழியர் ஒருவர் 1880களில் வழக்குக்குப் போனார். பிரபு 1892இல் இறந்தபிறகு பிணத்தைத் தோண்டியெடுத்துப் பார்க்கிற அளவுக்குப் போயிற்று விவகாரம். கடைசியில் பொய்ப்புகார் என்று ஊழியருக்குத்தான் தண்டனை. இந்த அமளியில் அரசுக்கு உறைத்தது ஒன்றே ஒன்று: பைத்தியம் இல்லாதவனைப் பைத்தியமென்று அடைத்துவிடக் கூடாது. பைத்தியம் பிடித்தவனை எப்படி வேணும்னாலும் அடைக்கலாமா என்பது கேள்வியாகவே எழவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு டாக்டர். குரே ஷூசோ. ஐரோப்பாவில் படித்துவிட்டு 1901இல் திரும்பி வந்து, தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும் சுகாமோ மருத்துவமனையின் தலைவராகவும் இருந்தவர். வந்ததும் கை கால் விலங்குகளைக் கழற்றச் சொன்னார். 1910இலிருந்து 1916வரை தன் மாணவர்களைப் பல மாவட்டங்களுக்கு அனுப்பி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுக்கூண்டுகளைப் போய்ப் பார்த்து எழுதச் செய்தார். 1918இல் அறிக்கை வந்தது. புகைப்படங்களும் தரைப்படங்களுமாக. மாட்டுக்கொட்டிலை ஒட்டின மரக்கூண்டு, நிமிர்ந்து நிற்க முடியாத கூரை, சோறு தள்ள ஒரு சந்து, மலத்துக்கு ஒரு ஓட்டை. இரண்டு பாய் விரிக்கிற இடத்தில் வருஷக்கணக்கில் ஒரு மனுஷன். நாட்டில் மனநோயாளர் ஒன்றரை லட்சம் பேர்வரை இருக்கலாம், மருத்துவமனைகளில் இடம் சுமார் ஐயாயிரம் பேருக்குத்தான் என்பது அவர் போட்ட கணக்கு. நோய் வந்தது ஒரு கேடு, இந்த நாட்டில் பிறந்து தொலைத்தது இன்னொரு கேடு என்கிற பொருளில் அவர் எழுதியதை ஜப்பானிய உளமருத்துவர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

குடும்பங்கள் ஏன் ஒத்துக்கொண்டன? இரக்கமில்லாததாலா? அப்படிச் சுருக்கிவிட முடியாது. கூண்டு காவலுக்கு மட்டுமல்ல, மறைப்புக்கும்தான். கிராமத்தில் ஒருத்தருக்குப் புத்தி பேதலித்தால் நரி பிடித்துவிட்டது என்பார்கள். இஸுமோ பக்கத்தில் இது இன்னொரு படி மேலே போய், நரியை வைத்திருக்கும் குடும்பம் என்று சில வீடுகளையே குறித்து வைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நோய் ஆளுடையது அல்ல, ரத்தத்தினுடையது. பிறகு ஜெர்மன் மருத்துவம் வந்து நரியை விரட்டியது. விரட்டிவிட்டு அதே நாற்காலியில் பரம்பரை என்கிற விஞ்ஞானத்தை உட்காரவைத்தது. கல்யாணத்துக்கு முன்னாடி அந்த வீட்டில் யாருக்காவது அது உண்டா என்று விசாரிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மூடநம்பிக்கையை அறிவியல் வென்றது என்று எழுதுகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இந்தப் பரம்பரைச் சொல்லாடல் உடம்பில் கத்தியாக இறங்கியது 1948இல், போர் முடிந்து ஜனநாயக அரசியல் சட்டம் வந்தபிறகு. யூஜெனிக் பாதுகாப்புச் சட்டம். ஊனமுற்றோருக்கும் மனநோயாளருக்கும் கருத்தடை அறுவை செய்யலாம் என்றது. 1952இல் பரம்பரையாக வராத மனநோய்க்கும் அதை நீட்டினார்கள். அதற்கு வேண்டியது காப்பாளரின் சம்மதம், அதாவது மறுபடியும் குடும்பம். 1996இல்தான் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. அதற்குள் சுமார் 25,000 பேர். அதில் 16,500 பேர் அளவில் அவர்கள் சம்மதம் இல்லாமலே. சட்டமே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2024 ஜூலை ஆயிற்று.

வீட்டுக்கூண்டு 1950இல் தடைசெய்யப்பட்டது. (ஒகினாவா அமெரிக்கர் கையில் இருந்ததால் அங்கே 1972வரை ஓடியது.) ஆனால் கூண்டிலிருந்து வெளியே வந்தவர் எங்கே போவது? அரசு மருத்துவமனை கட்டவில்லை. தனியாருக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தது. 1958இல் ஒரு சுற்றறிக்கை: மனநோய்ப் பிரிவுக்குப் பொது மருத்துவமனையின் மூன்றில் ஒரு பங்கு டாக்டர்கள் போதும், மூன்றில் இரண்டு பங்கு நர்சுகள் போதும். ஆள் கம்மி, கட்டில் அதிகம், நோயாளி குணமாகிப் போக வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. இதை மருத்துவச் சங்கத் தலைவர் தகேமி தாரோவே கால்நடைப் பண்ணை என்று வர்ணித்தார். மேற்கே விடுதிகளைக் காலிசெய்துகொண்டிருந்த அதே காலத்தில் ஜப்பான் நிரப்பிக்கொண்டிருந்தது. 1990களின் முற்பாதியில் கட்டில்கள் மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை எட்டின. இதுதான் ஜப்பானின் பெரும் அடைப்பு. ஃபூக்கோவின் மன்னர் இல்லை இதில். கடன் பத்திரமும் காப்பீட்டுப் பணமும்தான்.

நடுவில் 1964 மார்ச்சில், மனநோய்ச் சிகிச்சை பெற்றிருந்த பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் அமெரிக்கத் தூதர் ரைஷாவரைக் கத்தியால் குத்தினான். பத்திரிகைகள் இவர்களை எல்லாம் ஏன் வெளியே விட்டிருக்கிறீர்கள் என்று கூவின. அடுத்த வருஷம் சட்டம் திருத்தப்பட்டது. சமூகத்துக்குள் வைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கியிருந்த பேச்சு கண்காணிப்புப் பக்கம் சாய்ந்தது. 2001இல் ஒசாகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டுக் குழந்தைகள் கொல்லப்பட்டபோதும் இதே கதை. ஒருத்தன் செய்ததற்கு லட்சக்கணக்கான பேர் மேல் இன்னொரு சட்டம்.

உள்ளே நடந்தது வெளியே தெரிய 1984 ஆயிற்று. உத்ஸுனோமியாவில் ஒரு தனியார் மனநோய் மருத்துவமனையில் முந்தைய வருஷம் ஊழியர் அடித்து இரண்டு நோயாளிகள் செத்திருந்தார்கள். விவகாரம் ஐ.நா. மனித உரிமை அரங்குவரை போய், ஜப்பான் வெட்கப்பட்டு 1987இல் சட்டத்தை மாற்றியது. நோயாளி தானே விரும்பிச் சேரலாம் என்கிற வழி அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. அதாவது அதுவரை அவருக்கென்று ஒரு விருப்பம் இருக்கக்கூடும் என்பதே சட்டத்துக்குத் தெரியாது. இருந்தும் 2018இல்கூடச் சராசரியாக ஒரு நோயாளி உள்ளே இருந்தது சுமார் 265 நாள். குடும்பத்தின் காப்பாளர் கடமை 2014இல் நீங்கியது. ஆனால் நோயாளி மறுத்தாலும் ஒரு டாக்டரும் வீட்டார் ஒருவரும் சம்மதித்தால் சேர்க்கலாம் என்கிற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த வழியாக வந்தவர்கள்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி சொற்களைப் பற்றியது. 'கிச்சிகாய்' (நம்ம பைத்தியக்காரன்தான்) என்கிற சொல்லை 1970களிலிருந்து தொலைக்காட்சியும் வானொலியும் தாங்களாகவே ஒதுக்கிவைத்தன. 1993இல் நாவலாசிரியர் சுத்சுயி யாசுதாகா, பாடநூலில் சேர்க்கப்பட்ட தன் கதையை வலிப்புநோயாளர் சங்கம் எதிர்த்ததையொட்டி, இந்தச் சொல்வேட்டைக்கு நடுவில் எழுத முடியாது என்று பேனாவைக் கீழே போட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் எழுதவில்லை. எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் சொல்லை அழித்த ஊடகங்கள் வார்டுகளின் கதவைத் தட்டினவா என்றால், உத்ஸுனோமியா போல எப்போதாவதுதான்.

மேலேயிருந்து சொல்லை நீக்குவது வேறு, கீழேயிருந்து பெயரை மாற்றக் கோருவது வேறு. நாம் மனச்சிதைவு என்பதை அவர்கள் 'மனம் பிளந்த நோய்' என்றார்கள். பெயரைக் கேட்டதுமே ஆள் முடிந்துவிட்டான் என்று அர்த்தம். டாக்டர்களே நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். குடும்பங்களின் சங்கம் 1993இல் கோரிக்கை வைத்தது. 2002இல் 'ஒருங்கிணைவு குலைந்த நிலை' என்று மாறியது. குலைந்தது திரும்பக் கூடலாம் அல்லவா.

மனச்சோர்வுக்கு மட்டும் தனி ராஜபாட்டை கிடைத்தது. 1999இல் புதுவகை மாத்திரைகள் சந்தைக்கு வந்ததோடு 'மனசுக்கு வந்த ஜலதோஷம்' என்கிற பேச்சும் பரவியது. இது வெறும் மருந்துக் கம்பெனி வேலை என்று ஒதுக்கவும் முடியாது. 1991இல் தற்கொலை செய்துகொண்ட ஓர் இளம் ஊழியரின் பெற்றோர் தொடுத்த வழக்கில், அளவு மீறிய வேலையால் வந்த மனச்சோர்வுக்குத் தென்ட்சு விளம்பர நிறுவனம் பொறுப்பு என்று 2000இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998இலிருந்து 2011வரை வருஷா வருஷம் 30,000க்கு மேல் தற்கொலைகள் நடந்த நாடு அது. உழைத்து உழைத்து உடைந்தவனின் நோய்க்குக் கௌரவம் வந்தது. குரல் கேட்கிறவனுக்கு வரவில்லை. நோய்களுக்குள்ளும் ஒரு சாதி அடுக்கு.

குரல் கேட்கிறவர்கள் தாங்களாக ஆரம்பித்தது ஹொக்கைதோத் தீவில், உராகாவா என்கிற மீன்பிடி ஊரில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் சிலர் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் சேர்ந்து வாழ்ந்து, 1984இல் 'பெத்தேல் வீடு' என்று பேர் வைத்து, கடல்பாசியைப் பாக்கெட் போட்டு விற்றார்கள். வருஷாவருஷம் ஒரு போட்டி: அந்த வருஷத்தின் சிறந்த மனமயக்கத்துக்குப் பரிசு. வெளியாள் வந்து வேடிக்கை பார்க்கிற காட்சியாகிவிடாதா என்கிற சங்கடம் எனக்கு இப்பவும் இருக்கிறது. ஆனால் கைதட்டுகிறவர்களில் நிறையப் பேர் அதே குரல்களைக் கேட்டவர்கள். 2001இலிருந்து தங்கள் நோயைத் தாங்களே ஆராய்கிறார்கள். நோய்க்குப் பெயரும் தாங்களே வைப்பது: மனச்சிதைவு, வாரக்கடைசியில் காசு தீர்ந்துபோகும் வகை என்பதுபோல. காதில் கேட்கும் குரலைக் 'கென்ச்சோ-சான்' என்கிறார்கள். சான் என்பது மரியாதை விகுதி. குரலார் இன்றைக்கு என்ன சொன்னார் என்று ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொள்வார்கள்.

அந்த ஊர்ச் செஞ்சிலுவை மருத்துவமனையின் மனநோய் வார்டு 2014இல் மூடப்பட்டது. அங்கே இருந்த டாக்டர் ஊருக்குள் சின்னதாக ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்தார். வார்டில் இருந்தவர்களில் பலர் இப்போது தெருவில் உள்ள வீடுகளில், ஒன்றிரண்டு பேராகச் சேர்ந்து இருக்கிறார்கள். குரலார்களோடு.