முழங்கால் பக்கத்தில் கல்லு மாதிரி கட்டி.. பிள்ளைகளுக்கு வரும் எலும்புக் கட்டி எல்லாமே கேன்சரா?

12 வயசுப் பையன் விளையாடும்போது முழங்காலில் அடிபடுகிறது. எதுக்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரே எடுத்தால், அடிக்குச் சம்பந்தமே இல்லாமல் எலும்பில் ஒரு கட்டி தெரிகிறது. அவ்வளவுதான், வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஆனால் வளரும் வயதில் எலும்பில் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லாதவை. இப்படித் தற்செயலாகக் கண்ணில் படும் 'நான் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா', எலும்பு வளர வளர தானாகவே மறைந்துவிடும்.

கையில் தட்டுப்படும் கட்டி என்றால் அது பெரும்பாலும் 'ஆஸ்டியோகாண்ட்ரோமா'. முழங்காலுக்குப் பக்கத்திலோ தோள்பட்டைக்குக் கீழேயோ கல்லு மாதிரி இருக்கும், தொட்டால் வலிக்காது. பிள்ளை வளரும் வரை அதுவும் வளரும், வளர்ச்சி நின்றதும் நின்றுவிடும். நரம்பை அழுத்தினாலோ தொந்தரவு கொடுத்தாலோ மட்டும்தான் ஆபரேஷன். உயரம் நின்ற பிறகும் கட்டி பெருசாகிக்கொண்டே போனால் உடனே காட்டணும்.

ராத்திரியில் மட்டும் ஏன் வலி?

பலரும் கோட்டை விடுவது 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா'வில்தான். கட்டி பொதுவாக 2 செ.மீ.க்கும் சின்னது. ஆனால் ராத்திரியானால் பிள்ளையைத் தூங்கவிடாது. அது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் வலிக்குக் காரணம் என்பதால், வலி மாத்திரை போட்டால் நன்றாகக் குறையும். 'வளர்ற வலிதான்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், காலையில் காணாமல் போய்விடும். ஒரே காலில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வலித்தால் அது வேறு. எக்ஸ்ரேயில் பிடிபடாவிட்டாலும் சி.டி. ஸ்கேனில் சிக்கிவிடும். ஊசி வழியாகச் சூடு செலுத்தி கட்டியைக் கருக்கும் சிகிச்சை இருக்கிறது. மாத்திரையில் வலி குறைகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டாம். முக்கியமாக, பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தானாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

லேசாக விழுந்ததற்கே மேல்கை எலும்பு முறிந்தால், உள்ளே நீர்க்கட்டி இருந்திருக்கலாம்.

டாக்டர் எதைப் பார்ப்பார்?

முதலில் சாதாரண எக்ஸ்ரேதான். கட்டியைச் சுற்றி கோடு போட்ட மாதிரி தெளிவான ஓரம் இருந்தால் நிம்மதி. ஓரம் கலைந்து, எலும்பின் மேலுறை கிழிந்த மாதிரி இருந்தால் எம்.ஆர்.ஐ., பயாப்ஸி என்று போவார்கள். ஓய்விலும் குறையாத வலி, வேகமாகப் பெருக்கும் வீக்கம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம்.

பயாப்ஸி தேவைப்பட்டால், பிறகு ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே எடுப்பதுதான் நல்லது. ஒருவேளை அது கேன்சராக இருந்தால், ஊசி போன பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும். தப்பான இடத்தில் குத்திவிட்டால் காலைக் காப்பாற்றுவதே சிக்கலாகிவிடும்.