விரல் வைத்தால் எங்கே போகிறது?

ரேஷன் கடை மேசையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அட்டைதாரர் அதில் விரல் வைக்கிறார். சில நொடிகள் ஆகின்றன. கருவி ‘சரி’ என்கிறது. அரிசி கிடைக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் இன்று இப்படித்தான் ரேஷன் தருகிறார்கள்.

விரல் வைத்தவர் யார் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? உண்மையில், கருவிக்குத் தெரியாது. அது வேறு ஓர் இடத்தில் கேட்டுச் சொல்கிறது. அந்த இடம் வெகு தூரத்தில் இருக்கிறது. அது ஒரு கிடங்கு.

நெல்லுக்குக் கிடங்கு உண்டு. உரத்துக்குக் கிடங்கு உண்டு. அதுபோலத் தகவலுக்கும் கிடங்கு உண்டு. அதைத் தரவு மையம் என்பார்கள். ‘டேட்டா சென்டர்’ என்றும் சொல்வார்கள்.

கிடங்கில் என்ன இருக்கிறது?

ஆதார் எண் முதன்முதலாக 2010 செப்டம்பர் 29 அன்று வழங்கப்பட்டது. மகாராஷ்டிர மாநிலம், நந்துர்பார் மாவட்டம், தெம்பளி கிராமத்தில் வழங்கினார்கள். 2016 ஏப்ரலில் ஆதார் பெற்றவர்கள் 100 கோடியைத் தாண்டினார்கள்.

ஒருவர் பதிவு செய்யும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி ஆகியவற்றை எழுதுகிறார்கள். முகத்தைப் படம் எடுக்கிறார்கள். பத்து விரல் ரேகைகளையும் இரண்டு கருவிழிகளையும் பதிவு செய்கிறார்கள்.

இதையெல்லாம் தாளில் வைக்க முடியுமா? ஒரு கணக்குப் போடலாம். 500 தாள் கொண்ட ஒரு கட்டு சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஆளுக்கு ஒரு தாள் என்றாலும் 100 கோடிப் பேருக்கு 20 லட்சம் கட்டுகள் வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் 100 கிலோமீட்டர் உயரம் வரும். எவரெஸ்ட் சிகரமே 9 கிலோமீட்டருக்கும் குறைவுதான்!

அதனால்தான் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. கிடங்கில் பீரோ போன்ற உயரமான இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பல கம்ப்யூட்டர்கள் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சர்வர் என்பார்கள்.

வேலையைப் பங்கு போடுவது

ஒரே ஆள் இரண்டு ஆதார் எண் வாங்கக் கூடாது. எனவே, புதிதாக ஒருவர் பதிவு செய்தால் அவருடைய பதிவை ஏற்கெனவே உள்ள பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். அது எவ்வளவு பெரிய வேலை!

பத்து ஏக்கர் வயலில் ஒருவர் மட்டும் நாற்று நட்டால் என்ன ஆகும்? பருவமே போய்விடும். ஐம்பது பேர் வரிசையாக இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும். கிடங்கிலும் இதே வழிதான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கம்ப்யூட்டர்களுக்குத் தருகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

ஏன் இரண்டு கிடங்கு?

ஆதாருக்கு இரண்டு தரவு மையங்கள் உள்ளன. ஒன்று பெங்களூரு ஹெப்பாலில் உள்ளது. மற்றொன்று ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ளது. நடுவே 1,500 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். ஓரிடத்தில் தீப்பிடிக்கலாம். வெள்ளம் வரலாம். பூமி அதிரலாம். அப்போதும் மற்றோர் இடத்தில் தகவல் பத்திரமாக இருக்கும். விதைநெல்லை இரண்டு வீடுகளில் பிரித்து வைப்பது போலத்தான் இது.

சூடும் மின்சாரமும்

தரவு மையம் இரவும் பகலும் தூங்குவதில்லை. மின்சாரம் நின்றால் முதலில் பேட்டரி கைகொடுக்கும். பிறகு ஜெனரேட்டர் ஓடும்.

கம்ப்யூட்டர் செலவழிக்கும் மின்சாரம் அனேகமாக முழுவதும் சூடாக மாறிவிடும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும். எனவே குளிர்ந்த காற்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். பல இடங்களில் தண்ணீரும் வேண்டும்.

கம்ப்யூட்டர்களுக்கு 100 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் முழுவதற்கும் 200 யூனிட் ஆனால் அது வீண்செலவு. அதையே 130 யூனிட்டில் முடித்தால் அது சிக்கனம். இதற்குச் சில வழிகள் உள்ளன. குளிர்ந்த காற்று போகும் பாதையையும் சூடான காற்று வரும் பாதையையும் தனித்தனியாகத் தடுக்கிறார்கள். சும்மா ஓடும் கம்ப்யூட்டர்களை நிறுத்துகிறார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

தப்பும் பத்திரமாக இருக்கும்

சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். கிடங்கும் அப்படித்தான். ‘முத்தம்மாள்’ என்ற பெயரை ‘முத்தையா’ என்று பதிந்துவிட்டால் கம்ப்யூட்டர் திருத்தாது. அந்தத் தப்பை இரண்டு கிடங்கிலும் பத்திரமாக வைத்திருக்கும்! பிறகு பென்ஷன் வாங்கப் போகும்போது பெயர் பொருந்தாது. அலைச்சல்தான் மிஞ்சும்.

இதைத் தடுக்கும் ஆயுதம் எழுத்தறிவு. பதிவு மையத்தில் எழுதியதைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். பிறகு சம்மதம் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும்.

விரல் ஒத்துப்போகாவிட்டால்?

கல் உடைப்பவர், பாத்திரம் துலக்குபவர், வயதானவர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். சில ஊர்களில் சிக்னல் கிடைக்காது. அப்போது கருவி ‘இல்லை’ என்று சொல்லும். அதனால் அவர் போலி ஆள் ஆகிவிட மாட்டார்.

ஆதார் ஆணையம் 2017 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விரல் ஒத்துப்போகவில்லை என்பதற்காக உரியவருக்கு ரேஷனை மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். கருவிழியைப் பதிந்து பார்க்கலாம். செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லலாம். எதுவுமே நடக்காவிட்டால் ஆதார் அட்டையைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தர வேண்டும்.

ஆதார் பற்றிய சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

கிடங்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதில் இருப்பவை மக்களின் விவரங்கள். அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மக்களுக்கு உரிமை உண்டு.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?
2. உங்கள் ஊரில் விரல் ஒத்துப்போகாமல் யாராவது வெறுங்கையோடு திரும்பியது உண்டா? அவருக்கு எப்படி உதவலாம்?
3. தரவு மையம் மின்சாரத்தை ஏன் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்?