தோள் கொடுத்த தோழியர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், லிங்கி, பாகாவ் முதலிய ஊர்களைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்து அத்தோட்டங்களை வளமாக்கியவர்களுள் பெண்களும் பெருந்தொகையினர். களை எடுத்தவர்களும் பால்மரம் சீவியவர்களும் அவர்களே. விடியும் முன் எழுந்து சமைத்து, பகலெல்லாம் உழைத்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பியவர்களும் அவர்களே. எனினும், நாட்டின் வளர்ச்சியைப் பேசும்போது அவர்களை நினைப்பவர் குறைவு. இத்தனை சுமையையும் அவர்கள் எப்படித் தாங்கினார்கள்? யாரைப் பார்த்துத் துணிவு பெற்றார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு பெண்ணுக்குப் பின்னால் இன்னொரு பெண் நிற்பதைக் காணலாம்.

தோட்டத்தில் வேலை இருள் பிரியும் முன்னரே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம். அதிகாலையில் ஆண்களும் பெண்களும் பெரட்டுக்கு வந்து நிற்பர். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வாளியும் சீவு கத்தியும் ஏந்தித் தத்தம் நிரைக்குச் செல்வர். கைக்குழந்தை உள்ள தாய் என்ன செய்வாள்? தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு நடப்பாள். அங்கே ஆயா ஒருவர் காத்திருப்பார். அவர் பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண். ஒரு காலத்தில் தாமும் மரம் சீவியவர். பல தாய்மார்களின் பிள்ளைகள் அவர் கட்டிய தூளியில் உறங்கின. அவர் அங்கே இருந்ததால்தான் அத்தாய்மார்கள் கவலையின்றிக் காட்டுக்குள் செல்ல முடிந்தது.

உதவி ஆயாக்கொட்டகையோடு நின்றுவிடவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால், தன் மரங்களை முடித்தவள் அடுத்த நிரைக்காரியின் மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்துக் கொடுப்பாள். மழைநீர் கலந்தால் அன்றைய உழைப்பே வீணாகிவிடும் அல்லவா? ஒரு வீட்டில் பேறுகால நேரம் வந்தால் லயத்துப் பெண்கள் அனைவரும் கூடிவிடுவர். ஒருத்தி வெந்நீர் வைப்பாள்; ஒருத்தி மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள். இவற்றை யாரும் பெரிய தொண்டாகக் கருதவில்லை. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்பதே அங்கு நிலவிய எழுதப்படாத ஒப்பந்தம்.

அத்தகைய ஒப்பந்தம் தேவைப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்கு நிகராக மதிக்கப்படவில்லை. 1920களின் பிற்பகுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அடிப்படைக் கூலி வரையறுக்கப்பட்டபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றும் பெண்ணுக்கு 40 காசு என்றும் முடிவு செய்யப்பட்டது. 1930களில் உலகப் பொருளாதாரம் சரிந்து இரப்பர் விலை வீழ்ந்தபோது அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. குடியிருந்த லயத்து வீடோ தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போய்விடும்.

தோட்ட வேலிக்கு அப்பால் வேறொரு வழக்கம் நிலவியது. நெகிரி செம்பிலானின் மலாய்க் கிராமங்களில் இன்றும் போற்றப்படும் அடாட் பெர்ப்பாத்தே மரபின்படி, குலத்தின் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளைச் சேரும். ரெம்பாவ், கோலப்பிலா போன்ற பகுதிகளில் பெண் தன் தாய்வழி நிலத்தில் உரிமையோடு வாழ்ந்தாள். அதே மாநிலத்தில் இருந்த தோட்டப் பெண்ணுக்கு மகளிடம் ஒப்படைக்க நிலமும் இல்லை, வீடும் இல்லை. அவளிடம் இருந்தவை கைத்தொழிலும் பொறுமையும் அண்டை வீட்டாரின் துணையும்தாம். துன்பத்தைத் தாங்கிக்கொள்ள அவை உதவின. ஆனால், துன்பத்தை மாற்ற வேண்டுமானால், அவ்வாறு மாற்ற முடியும் என்பதைத் தன்னைப் போன்ற ஒருத்தி செய்து காட்டுவதை அவள் காண வேண்டியிருந்தது.

1943ஆம் ஆண்டு அதற்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது. அவ்வாண்டு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் ஒரு பிரிவாக ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதற்குத் தலைமையேற்றவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன். அவர் மலாயாவின் பல ஊர்களுக்குச் சென்று, பெண்களையும் அவர்களின் பெற்றோரையும் நேரில் சந்தித்துப் பேசினார். படையில் சேர விரும்பிய பெண்ணுக்குத் தந்தை அல்லது கணவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. கோலாலம்பூரைச் சேர்ந்த பதினெட்டு வயது ஜானகியின் தந்தை முதலில் தயங்கினார். லட்சுமி அவர்கள் வீட்டுக்கே சென்று பேசிய பின்னர்தான் அவர் கையெழுத்திட்டார். ஈப்போவில் இராசம்மா, பொன்னம்மா என்னும் சகோதரிகள் இருவரும் சேர்ந்தனர். அப்போது இராசம்மாவுக்கு வயது பதினாறு.

அப்படையில் சேர்ந்தவர்களுள் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் பலர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே சீருடை அணிந்து, ஒரே உணவை உண்டு, ஒரே கூடத்தில் உறங்கினர். பயிற்சி முகாமில் துப்பாக்கி பிடிப்பதோடு எழுத்தும் கற்பிக்கப்பட்டது. படித்தவள் எழுத்தறிவில்லாதவளுக்குத் துணையானாள். உழைத்து உரமேறிய தோட்டத்துப் பெண்ணின் தாங்கும் ஆற்றலைக் கண்டு நகரத்துப் பெண் வியந்தாள். சாதி, வசதி என்னும் சுவர்களைத் தாண்டிப் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். 1945ஆம் ஆண்டு படை பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, இருபது வயதே நிரம்பிய ஜானகி தம் தோழியரை இரவு நேரங்களில் காட்டு வழியாக நடத்திச் சென்றார்.

போர் முடிந்தது, படை கலைந்தது. ஆனால், அதில் பெற்ற துணிவு கலையவில்லை. ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவரானார். பிற்காலத்தில் நாடாளுமன்ற மேலவையிலும் இடம்பெற்றார். போர்ட்டிக்சனில் பிறந்த தேவகி கிருஷ்ணன் 1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் போட்டியிட்டு வென்றார். நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, வாக்காளர்களிடம் ஆதரவு கேட்டுப் பொதுப்பதவி பெற்றார் ஒரு தமிழ்ப்பெண். நெகிரி செம்பிலான் மண் தந்த பெருமை அது.

இராசம்மா ஆசிரியரானார். அக்காலத்தில் ஒரே பள்ளியில் ஒரே வேலையைச் செய்த ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளமே கிடைத்தது. தோட்டத்தில் 50 காசும் 40 காசுமாக இருந்த அதே வேறுபாடு, பள்ளிக்கூடத்தில் வேறு கணக்கில் தொடர்ந்தது. இதை எதிர்த்துக் குரல் கொடுக்க, 1960ஆம் ஆண்டு இராசம்மா பூபாலன் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். 1963இல் மலாய், சீன, இந்தியப் பெண்கள் அமைப்புகள் ஒன்றிணைந்து தேசிய மகளிர் அமைப்புகளின் மன்றத்தை உருவாக்கின. இனமும் மொழியும் வேறாக இருந்தாலும் அவர்களின் கோரிக்கை ஒன்றுதான்: சம வேலைக்குச் சம ஊதியம். 1960களின் இறுதியில் அரசாங்கப் பணியில் சம ஊதியக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓர் ஆசிரியை தனியாகக் கேட்டிருந்தால் அது வெறும் முறையீடாகவே முடிந்திருக்கும். பலர் சேர்ந்து கேட்டதால் அது நாட்டின் கொள்கையாயிற்று.

தோட்டங்களிலும் மாற்றம் வந்தது. நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டிய பி. பி. நாராயணன் போன்றோரின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பெண்களும் அதில் உறுப்பினராயினர். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பெண் தொழிலாளர்களுக்கு 60 நாள் பேறுகால விடுப்பை உறுதி செய்தது. பிள்ளை பெற்றவளைத் தாங்கிப் பிடிக்கும் கடமை, லயத்துப் பெண்களின் அன்போடு நிற்காமல் சட்டத்தின் பொறுப்பாகவும் ஆயிற்று. 2023ஆம் ஆண்டு முதல் அவ்விடுப்பு 98 நாளாக உயர்ந்துள்ளது.

பின்னர் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது பெண்களுக்குப் புதிய ஆபத்து ஒன்று வந்தது. களைகளை அழிக்க மருந்து தெளிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கே தரப்பட்டது. நாள் முழுவதும் அதைச் சுமந்து தெளித்தவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தோல் எரிச்சல், மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகள் ஏற்பட்டன. தனக்கு மட்டும் வந்த நோய் என்று எண்ணி ஒவ்வொருத்தியும் அமைதியாக இருந்தவரை, அது நோயாகவே இருந்தது. பல பெண்கள் ஒன்றுகூடித் தங்கள் உடல்நிலையை ஒப்பிட்டுப் பேசியபோதுதான், வேலையே அதற்குக் காரணம் என்பது புலப்பட்டது.

கெடா மாநிலத் தோட்டச் சூழலில் வளர்ந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தெனாகனித்தா என்னும் அமைப்பைத் தொடங்கியவர். மருந்து தெளிக்கும் பெண்களின் நிலையைப் பற்றி அவ்வமைப்பும் அதன் தோழமை அமைப்பும் இணைந்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியைத் தடைசெய்வதாக அரசாங்கம் அவ்வாண்டு அறிவித்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அதன் பயன்பாடு முற்றாக நிறுத்தப்பட்டது. இடையில் பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. சிறு வெற்றிக்கும் நீண்ட பொறுமை தேவை என்பதை இது காட்டுகிறது.

சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை மலேசியா 1997இல் ஏற்றுக்கொண்டது. 2001ஆம் ஆண்டு கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு திருத்தப்பட்டு, பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டக்கூடாது என்பது சேர்க்கப்பட்டது. 40 காசுக் கூலி பெற்ற பெண்ணுக்கும் இச்சட்டத் திருத்தத்திற்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியை ஒரே தாவலில் யாரும் கடக்கவில்லை. ஒருத்தி நடந்த தூரத்திலிருந்து அடுத்தவள் தொடர்ந்து நடந்தாள்.

முன்மாதிரி என்றதும் நாம் பெரும்பாலும் புகழ்பெற்றவர்களையே நினைக்கிறோம். கேப்டன் லட்சுமியும் ஜானகியும் இராசம்மாவும் போற்றத்தக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர்களைப் போன்றோர் வெளியே வந்து செயலாற்ற வேண்டுமானால், பின்னால் சிலர் இருக்க வேண்டும். மகள் படைக்குச் செல்லட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்ட தாய் வேண்டும். சங்கக் கூட்டத்துக்குச் சென்றவளின் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டுக்காரி வேண்டும். முன்னே நடப்பவள் ஊக்கம் தருகிறாள்; பின்னே நிற்பவள் ஆதரவு தருகிறாள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயணம் நின்றுவிடும். தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் கூறியது இதனால்தான்.

பொறாமை இந்தத் துணையைக் கெடுத்துவிடும். தோழி ஒருத்தி தேர்வில் முதலிடம் பெற்றால் தன் வாய்ப்பு பறிபோனதாக எண்ணுவோர் உண்டு. ஆனால், தோட்டத்துப் பெண்கள் வேறுவிதமாகக் கணக்குப் போட்டனர். பக்கத்து நிரைக்காரியின் வாளி நிறைந்ததால் தன் வாளி குறைந்துபோவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதனால்தான் மழைக்கு முன் அவளுக்குக் கை கொடுத்தனர்.

இன்று நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மரம் சீவியவர்களின் பேத்திகள் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பணிபுரிகின்றனர். லயங்கள் மறைந்தபோது, ஒரே வரிசையில் அடுத்தடுத்து வாழ்ந்த நெருக்கமும் மறைந்து வருகிறது. அடுக்குமாடி வீட்டில் வாழும் இளந்தாய்க்குப் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாத நிலை உண்டு. ஆயாக்கொட்டகை இல்லாத ஊரிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கை தேவைப்படத்தான் செய்கிறது.

ஆகவே, அப்பெண்கள் விட்டுச் சென்ற வழக்கத்தைப் புதிய சூழலுக்கு ஏற்பக் காப்பது இன்றைய தலைமுறையின் கடமையாகும். பாடம் புரியாத தோழிக்கு விளக்கிச் சொல்வதும், கேலிக்கு ஆளானவளின் பக்கம் நிற்பதும், மேற்கல்விக்குத் தயங்குபவளை விண்ணப்பிக்கச் செய்வதும் எளிய செயல்கள்தாம். வீட்டிலிருக்கும் பாட்டியிடமும் அம்மாவிடமும் அவர்களுக்குக் கை கொடுத்தவர் யார் என்று கேட்டறிவதும் பயனுடையது. அவர்கள் கூறும் பெயர் எந்த நூலிலும் இல்லாமல் இருக்கலாம். ஆயினும், ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அந்தப் பெயருக்குரியவரும் ஒரு காரணமாக இருந்திருப்பார்.