சேர்த்து வைத்த பாட்டு புதிய ஸ்பீக்கரில் ஏன் ஒலிக்கவில்லை?

திறன்பேசியில் 800 பாடல்கள் இருக்கின்றன. கூடத்தில் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரும் இருக்கிறது. ஆனால் “என் பாட்டைப் போடு” என்றால் அது வேறு எதையோ போடுகிறது, அல்லது “தெரியவில்லை” என்கிறது. பழுது பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை. பாட்டு எங்கே இருக்கிறது, ஸ்பீக்கர் அதை எங்கே தேடுகிறது என்ற இரண்டும் பொருந்தாததுதான் சிக்கல்.

புளூடூத் வேறு, வைஃபை வேறு

புளூடூத்தில் பாட்டைப் பாடுவது உங்கள் திறன்பேசி. ஸ்பீக்கர் அதைச் சத்தமாக ஒலிக்கிறது, அவ்வளவே. அதனால் கைப்பேசியில் உள்ள எந்தப் பாட்டும் வேலை செய்யும். ஆனால் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். சுமார் 10 மீட்டருக்கு அப்பால் போனால் தடைபடும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு நீங்கள் தேக்கா சந்தைக்குப் புறப்பட்டால், வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் பாட்டு இல்லை.

வைஃபை ஸ்பீக்கர் அப்படியல்ல. நீங்கள் வாயால் கேட்டதும் அது நேராக இணையத்துக்குப் போய், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற சேவையிலிருந்து பாட்டை எடுத்து வருகிறது. கைப்பேசி வெறும் ரிமோட் மாதிரிதான். கைப்பேசிக்குள் இருக்கும் 800 பாடல்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. ஸ்பாட்டிஃபை செயலியில் உங்கள் சொந்தக் கோப்புகளைச் சேர்த்துக் கேட்க முடிந்தாலும், வைஃபை ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது அவை போகாததற்குக் காரணம் இதுதான். அதே பாடல்களை புளூடூத்தில் அனுப்பினால் ஒலிக்கும்.

பட்டியல் என்பது பாட்டு அல்ல

சேவைகளில் நாம் உருவாக்கும் பட்டியல், கல்யாண வீட்டுச் சாமான் சீட்டு மாதிரி. சீட்டில் பெயர் இருக்கும். பொருள் கடையில்தான் இருக்கும். கடைக்காரர் சரக்கை எடுத்துவிட்டால் சீட்டால் பயனில்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்துடன் ஒப்பந்தம் நீடிக்காததால், அதன் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. கூகல் பிளே மியூசிக் சேவை 2020 இறுதியில் மூடப்பட்டது. உரிய நேரத்தில் யூடியூப் மியூசிக்கிற்கு மாற்றாதவர்களின் பட்டியல்களும் அதோடு போயின.

கணினியில் சேமிக்கும் எம்3யு பட்டியல் கோப்பிலும் பாட்டு எந்தக் கோப்புறையில் உள்ளது என்ற முகவரி மட்டுமே இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் போட்டால் ஒன்றும் ஒலிக்காது. பாடல் கோப்புகளும் உடன் போக வேண்டும்.

சொந்தக் கோப்புகளுக்கு நான்கு வழிகள்

ஒன்று, புளூடூத் அல்லது ஆக்ஸ் கம்பி. செலவில்லாதது, எளியது.

இரண்டு, யுஎஸ்பி துளை உள்ள ஸ்பீக்கர் அல்லது தொலைக்காட்சி. 192 கேபிபிஎஸ் தரத்தில் 5 நிமிடப் பாட்டு ஏறத்தாழ 7 எம்பி. ஆயிரம் பாட்டுக்குச் சுமார் 7 ஜிபி போதும். ஒரு 16 ஜிபி பென்டிரைவில் தாராளமாக அடங்கும். வயதானவர்களுக்கு இதுவே வசதி. செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்.

மூன்று, ஐபோன் வைத்திருப்போருக்கு ஏர்பிளே. அதை ஏற்கும் ஸ்பீக்கர் என்றால், போனில் ஒலிக்கும் பாட்டு வைஃபை வழியே ஸ்பீக்கருக்குப் போகும்.

நான்கு, யூடியூப் மியூசிக்கில் பதிவேற்றுவது. கணினி வழியாக ஒரு லட்சம் பாடல்கள் வரை சேர்த்து வைக்கலாம்.

பெயரில் இருக்கிறது பாதிச் சிக்கல்

வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை ஆங்கிலக் கட்டளையையே எதிர்பார்க்கின்றன. பட்டியலுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்திருந்தால், நீங்கள் சொல்லும் ஒலியை அந்த எழுத்தோடு பொருத்த அது தடுமாறும். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்தாலும் தொல்லை தீராது. ‘ழ’வுக்கு ஒருவர் இசட்எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார்.

‘சண்டே மார்னிங் ஒன்’ போல எளிய ஆங்கிலச் சொற்களில், வேறு எதோடும் குழம்பாத பெயர் வையுங்கள். படப் பெயரைத் தவிர்ப்பது நல்லது. ‘ரோஜா’ என்று பட்டியலுக்குப் பெயரிட்டால், 1992ல் வந்த படத்தின் பாடல்கள்தான் வரக்கூடும். கட்டளையிலும் “மை பிளேலிஸ்ட்” என்ற சொற்களையும் சேவையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், தேடும் இடம் குறுகும்.

பலர் வாழும் வீட்டில் யார் பட்டியலைப் போடுவது என்ற குழப்பமும் உண்டு. கூகல் ஸ்பீக்கரில் 6 பேர் வரை தத்தம் குரலைப் பதிவு செய்யலாம். பாட்டி கேட்டால் பாட்டியின் பட்டியல், பேரன் கேட்டால் அவனுடையது. குரலைப் பதிவு செய்யாதவர் கேட்டால், ஸ்பீக்கரை முதலில் அமைத்தவரின் கணக்கிலிருந்து பாட்டு வரக்கூடும்.

வைஃபை எட்டுகிறதா?

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ள பாம் ஷெல்டருக்குக் கனமான கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. இணையப் பெட்டியை அதற்குள் வைத்தால் அலை வெளியே வரத் திணறும், பாட்டு விட்டுவிட்டு ஒலிக்கும். பெட்டியைக் கூடத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். கைப்பேசியும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபை பெயரில் இணைந்திருக்க வேண்டும். விருந்தினருக்கான இணைப்பில் ஒன்று இருந்தாலும் ஒன்றையொன்று காணா.

கேசட்டுகளை விட்டுவிடாதீர்கள்

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஒருகாலத்தில் வாங்கிய பக்திப் பாடல், மேடை நாடகம், கச்சேரிக் கேசட்டுகள் பல வீடுகளில் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. அவற்றில் சில எந்தச் சேவையிலும் கிடைக்காமல் போகலாம். பாட்டனாரின் குரலைப் பதிவு செய்த நாடா நிச்சயம் கிடைக்காது.

கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்குக் கம்பி போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. நீண்ட நாள் ஓடாத நாடாவை முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள். கோப்புக்குப் பாடல், பாடகர், ஆண்டு ஆகியவற்றைப் பெயராக இடுங்கள். ‘டிராக் 07’ என்று விட்டால், அடுத்த தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது. இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடத்தில் வைப்பது அவசியம்.

இதற்கெல்லாம் அடிப்படையான திறன்பேசிப் பயன்பாடு தெரியாத முதியோருக்கு, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் கற்றுத் தருகிறார்கள்.

எல்லாம் சரியாகி ஸ்பீக்கர் முழங்கத் தொடங்கிய பிறகு அக்கம்பக்கத்தாரையும் நினைவில் கொள்ளுங்கள். அண்டை வீட்டுச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாக இருக்க வேண்டும் என்று 2022ல் பரிந்துரைத்தது. விடிகாலைச் சுப்ரபாதத்தை நம் வீட்டுக்குள் கேட்கும் அளவில் வைத்தால் போதும்.